முற்றிய பீர்க்கங்காயை வீசாதீங்க!

பீர்க்கங்காய் கொடியிலேயே முற்றிப் போய்விட்டால் என்ன செய்வீர்கள்? "அடடா, இலைக்குள்ள ஒளிஞ்சிருந்திருக்கே, பார்க்காம விட்டுட்டேனே" என்று மாட்டுக்குப் போடுவீர்கள். மாடு இல்லாத வீடு என்றால் குப்பைக்குப் போகும். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போதோ, முற்றட்டும், இன்னும் நன்றாக முற்றட்டும் என்று பந்தலை அண்ணாந்து பார்த்துக் காத்துக் கிடக்கிறேன். வளைகாப்பு, கிறிஸ்துமஸ், அண்ணன் வீட்டுப் புதுமனை புகுவிழா என்று எதற்கும் நான் கொடுக்கிற பரிசு இந்தக் கொடியில்தான் காய்க்கிறது!

என்ன, சிரிக்கிறீர்களா? முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் புதுசே இல்லை. காய்ந்த பீர்க்கங்காயின் தோலை உரித்தால் உள்ளே வலை பின்னினாற்போல் ஒரு நார்க்கூடு இருக்கும். அதற்குப் பீர்க்கங்கூடு என்று பெயர். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அன்றைக்குச் சீயக்காயோடு இதையும் எடுத்து வைப்பார்கள். நடுவில் பச்சையும் சிவப்புமாக நைலான் நார் வந்தது, பீர்க்கங்கூட்டை மறந்தோம். இப்போது அதே பீர்க்கங்கூட்டைப் பளபளக்கும் உறையில் போட்டு 'லூஃபா' என்று பெயர் ஒட்டிப் பெரிய கடைகளில் விற்கிறார்கள். லூஃபா என்பது அரபி மொழியிலிருந்து வந்த பெயராம். நம் வீட்டுக் கொடியில் காய்த்ததை அரபிப் பெயரில் காசு கொடுத்து வாங்குகிறோம், கூத்தைப் பாருங்கள்!

பீர்க்கில் இரண்டு ஜாதி உண்டு. கூட்டுக்கும் துவையலுக்கும் வாங்குகிறோமே, முதுகில் வரிவரியாக இருப்பது, அது ஒன்று. வரி இல்லாமல் சுரைக்காய் போல வழவழவென்று நீளமாக இருப்பது இன்னொன்று. மெழுகு பீர்க்கு என்பார்கள், நுரைப்பீர்க்கு என்றும் சொல்வதுண்டு. இரண்டிலும் நார் வரும். ஆனால் மெழுகு பீர்க்கின் நார்தான் சதைப்பற்றாக, உரிக்கச் சுலபமாக இருக்கும். வரிப்பீர்க்கின் தோல் நாரோடு ஒட்டிக்கொண்டு நம் நகத்தைப் பதம் பார்க்கும். இரண்டையும் வைத்திருப்பவர்கள் ஒரு வேடிக்கையைக் கவனிக்கலாம். மெழுகு பீர்க்கின் பூ விடியற்காலையில் விரியும். வரிப்பீர்க்கின் பூ சாயங்காலம் நாம் விளக்கேற்றுகிற நேரத்தில் விரியும். ஒரே குடும்பத்து அக்கா தங்கைதான், குணத்தைப் பாருங்கள்!

எங்கள் ஊர் பெருமாள்மலை. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற வழியில், பழனிக்குப் பாதை பிரிகிற இடம். காப்பி, பேரிக்காய், பட்டர் ப்ரூட் எல்லாம் நன்றாக வரும். பீர்க்கு சமவெளிக்கார வெயில் பயிர். இந்தக் குளிரில் அதை வளர்ப்பது கொஞ்சம் அடம்தான். முதல் முறை 2018-ல் போட்டேன். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்பி ஆடியில் ஊன்றினேன். கொடி ஓடியது, பூத்தது, காய்த்தது. காய் காய்ந்து நார் ஆகிற நேரத்தில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் தோல் கறுத்துப் பூஞ்சணம் பூத்தது. மிச்சம் இருந்ததை அந்த வருஷம் நவம்பரில் வந்த கஜா புயல் பந்தலோடு சாய்த்துவிட்டது. மரங்கள் விழுந்து, ரோடு அடைபட்டு ஊரே தவித்தபோது பீர்க்கங்காய்க்காக அழ முடியுமா? ஆனாலும் மனசுக்குள் அழுதேன்.

அந்த வருஷம் கற்றுக்கொண்டது இரண்டு. ஆடிப்பட்டம் என்பது கீழ்நாட்டுக் கணக்கு. எங்களைப் போல மலையில் இருப்பவர்கள் மாசியிலேயே விதையைப் போட்டுவிட வேண்டும். விதை கறுப்பாக, கெட்டி ஓட்டோடு இருக்கும். ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப் போட்டு, தேங்காய்ச் சிரட்டையில் மண் போட்டு ஊன்றி, அடுப்படி ஓரமாக வைப்பேன். அந்தச் சூட்டில் முளைத்துவிடும். பங்குனியில் நாலைந்து இலை விட்டதும், நல்ல வெயில் விழுகிற சுவர் ஓரமாகக் குழி தோண்டி, மக்கிய சாணமும் காப்பிப்பழத் தோல் மக்கும் போட்டு நடுவேன். வைகாசி, ஆனியில் பூக்கும். ஆவணி, புரட்டாசியில் காய் காய்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டாவது பாடம், புயலில் விழுந்த காயிலிருந்து கிடைத்தது. பச்சை மாறாமல், ஆனால் நன்றாக முற்றி விழுந்த நாலைந்தை வெறுப்போடு தோல் உரித்துப் பார்த்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்று நார்! தொட்டால் மெத்தென்று இருந்தது. காய் கொடியிலேயே காய்ந்தால் நார் முரடாகும், பாத்திரம் தேய்க்க நல்லது. மஞ்சள் தட்டும்போதே பறித்து உரித்தால் நார் மிருதுவாக வரும், உடம்புக்கு நல்லது. எது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. (பிஞ்சைச் சமைக்கலாம். ஆனால் ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்து, கசந்தால் சமைக்கவே கூடாது, ஜாக்கிரதை.)

காய்ந்த காயை எப்படிக் கண்டுபிடிப்பது? கையில் எடுத்தால் கனமே இருக்காது. ஆட்டினால் விதை கலகலவென்று குலுங்கும். நுனியில் ஒரு குட்டி மூடி இருக்கும், அது தானாகக் கழன்று விதை கொட்டும். இயற்கை கொடுத்த உப்பு டப்பா மாதிரி! அரை நாள் தண்ணீரில் ஊற வைத்தால் தோல் கழன்றுகொண்டு வரும். உள்ளே இருக்கிற வழவழப்புப் போக ஐந்தாறு தண்ணீர் மாற்றிக் கசக்கி அலச வேண்டும். அலசாமல் விட்டால் நார் கறுத்துப் போகும். பிறகு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள். கடையில் இருப்பதுபோல் வெளுப்பாக வேண்டும் என்று சிலர் பிளீச்சிங் பவுடர் போடுகிறார்கள். உடம்பில் தேய்க்கிற பொருளுக்கு எதற்கு அந்த நெடி? கொஞ்சம் பழுப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி பரிசு விஷயத்துக்கு வருகிறேன். முதன்முதலில் நான் இதில் செய்து கொடுத்தது என் மாமியாருக்கு.

அத்தைக்கு 2022-ல் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. கால் மெல்லச் சரியாகி, சுவரைப் பிடித்து நடக்க ஆரம்பித்துவிட்டார். கை மட்டும் பாதிதான் எழும்பும், விரல்கள் மடங்கியே இருக்கும். சோப்பைப் பிடிக்க வராது. நான்தான் குளிப்பாட்டுவேன். எனக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை, பெற்ற தாய் மாதிரிதான். ஆனால் குளியலறைக்குள் போனதும் அத்தை கண்ணை மூடிக்கொள்வார். முடிகிற வரைக்கும் திறக்க மாட்டார். சோப்பு பட்டுவிடும் என்று மூடுகிறார் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் தலை துவட்டும்போது சொன்னார்: "ஏத்தா, மாட்டைக் குளிப்பாட்டுற மாதிரி இருக்குத்தா. உன்னையச் சொல்லல. என் கெதி அப்பிடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 19 வயதில் மருமகளாக வந்தவள் நான். அத்தை விடியுமுன்னே எழுந்து, யாரும் பார்க்குமுன் குளித்து, ஈரத் தலையில் முடிச்சுப் போட்டு அடுப்படியில் நிற்பார். அந்த மனுஷி எங்கே, இந்தக் கண்ணை மூடிக்கொண்ட மனுஷி எங்கே!

"இடது கை நல்லாத்தானே இருக்கு அத்தே, அதால தேய்ச்சுக்கலாமே" என்றேன்.

"வலது கையை இடது கை தேய்ச்சிரும். இடது கையை எது தேய்க்கும்?" என்றார்.

சகோதரிகளே, இது எனக்குத் தோன்றவே இல்லை! நம் ஒரு கையை அதே கையால் தேய்த்துக்கொள்ள முடியாது. அதற்கு மற்றொரு கை வேண்டும். கை வைத்தியம் செய்ய வந்த பெண்ணும், "விழுந்த கையை சும்மா வைக்காதீங்க, அன்றாட வேலையில பழக்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சரி, பிடிக்கத்தானே முடியாது, கையிலேயே மாட்டிவிட்டால்? அன்றைக்கே பரணில் இருந்த பீர்க்கங்கூட்டை எடுத்தேன்.

முதலில் செய்தது படுதோல்வி. கடையில் விற்கிற மாதிரி பை போலத் தைத்து, வாயில் எலாஸ்டிக் வைத்தேன். மடங்கின விரல் உள்ளே போகவே இல்லை. நாரின் ஓரம் வேறு அத்தையின் மணிக்கட்டைக் கீறிவிட்டது. வயதானவர்கள் தோல் வெங்காயச் சருகு மாதிரி, தெரியாதா நமக்கு? இரண்டாவது தரம் யோசித்துச் செய்தேன். பாதி முற்றின மிருதுவான கூடு ஒன்றை நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, உள்ளே இருக்கும் நடுத்தண்டு நாரை வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீரில் ஊறவைத்துப் பாய் மாதிரி விரித்து, மேலே அம்மிக் குழவியை உருட்டிப் பலகைக்கடியில் ஒரு ராத்திரி வைத்தேன். காய்ந்ததும் தட்டையாக நின்றது. உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அடியில் பழைய தேங்காய்ப்பூத் துண்டு வைத்து, ஓரம் முழுக்கப் பருத்தி நாடா மடித்துத் தைத்தேன். நாடா வைக்காமல் விடவே கூடாது. புறங்கைப் பக்கம் துண்டுத் துணி மட்டும். பக்கவாட்டில் தைக்காமல் திறந்து விட்டு, பையன் பழைய ஸ்கூல் பையில் இருந்த பரபரவென்று ஒட்டிப் பிரிகிற பட்டையைப் பிரித்து வைத்தேன். சப்பாத்தியை மடிக்கிற மாதிரி கையை உள்ளே வைத்து மடித்து ஒட்ட வேண்டியதுதான். இடது கையாலேயே ஒட்டலாம்.

அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பாத்திரம் தேய்க்கிறதை எனக்கு மாட்டி விட்டுட்டியாக்கும்" என்று சிரித்தார். மறுநாள் காலையில் முக்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் வாளியும் சொம்பும் நகர்த்தி வைத்து, "தாழ்ப்பாள் போடாதீங்க அத்தே, கதவைச் சாத்திக்கிட்டா போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே நின்றேன். உள்ளே சொம்புச் சத்தம், பிறகு ஒன்றுமே காணோம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. "அத்தே..." என்றேன். "இருத்தா, இடது கை தேய்ச்சுக்கிட்டிருக்கேன்!" என்று பதில் வந்தது. முக்கால் மணி நேரம் ஆனது. வெந்நீர் இரண்டு தரம் காய்ச்சிக் கொடுத்தேன். முதுகுக்கு மட்டும் இன்றைக்கும் என்னைக் கூப்பிடுகிறார். கண்ணை மூடிக்கொள்வதில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது. முதுகு எட்டாத அண்ணனுக்கு நீளப் பட்டையாக, இரண்டு முனையிலும் கயிற்று வளையம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து எங்களுக்குக் கேக் வரும். நான் பீர்க்கங்கூட்டை விரல் கனத்துக்கு வில்லை வில்லையாக வெட்டுவேன். குறுக்கே வெட்டினால் நடுவில் மூன்று துளை, சுற்றிலும் வலைப்பின்னல் என்று பூ மாதிரியே இருக்கும். மஞ்சள் தண்ணீரிலும் பீட்ரூட் சாற்றிலும் முக்கிக் காயவைத்து நூலில் கோத்தால் ஜன்னலுக்குத் தோரணம். கிளிசரின் சோப்புக் கட்டியைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி, வில்லை மேல் ஊற்றினால் நாரோடு சேர்ந்த சோப்பு. நாலு வில்லையை வாழைநாரில் கட்டி, வீட்டில் அரைத்த நலங்கு மாவு ஒரு பொட்டலம் வைத்தால் போதும், சீர்த்தட்டுக்கே வைக்கலாம்.

அப்படி நினைத்துத்தான் நாத்தனார் மகள் வளைகாப்புக்குத் தாம்பூலப் பையில் பிளாஸ்டிக் டப்பாவுக்குப் பதிலாக இதை வைத்தேன். 40 பை. மலையில் இருக்கிறவர்களுக்குப் பிளாஸ்டிக் என்றால் பயம். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாடு முழுக்கத் தடை. 2024-ல் கொடைக்கானலில் சின்னப் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 20 ரூபாய் வரியே போட்டார்கள். ஆனால் நைலான் நாரை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. தேயத் தேய அதன் தூள் சாக்கடை வழியாக ஓடைக்குத்தானே போகிறது? இப்படி எல்லாம் பெரிய நியாயம் பேசித்தான் கொடுத்தேன். ஆனால் பந்தியில் ஒரு அம்மா என் காது படவே, "பாத்திரம் தேய்க்கிற நாரையா வச்சுக் கொடுக்கிறது? கஞ்சத்தனம்" என்றார். சாயங்காலம் பார்த்தால் ஏழு பை நாற்காலியிலேயே கிடந்தன. வெற்றிலை, பாக்கு, தேங்காயை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்! என் வீட்டுக்காரர், "நாலு காசு போட்டு டப்பாவே வாங்கியிருக்கலாம்ல" என்றார். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

டப்பா 25 ரூபாய்க்குக் கிடைக்கும், மூன்று நிமிஷத்தில் 40 வாங்கிவிடலாம். இந்த நாருக்கு எனக்கு ஏழு மாதம் ஆனது. எது கஞ்சத்தனம்? அந்த அம்மாவிடம் அப்போதே இதைக் கேட்டிருக்க வேண்டும். வாய் வரவில்லை. அந்த ஏழில் ஒன்றைத்தான் இப்போது நான் குளிக்கப் பயன்படுத்துகிறேன். மற்ற 33-ல் எத்தனை பரணில் தூங்குகிறதோ தெரியாது. ஆனால் நாலு பேர் விதை கேட்டு ஆள் அனுப்பினார்கள். அதனால் இப்போது எந்தப் பரிசு கொடுத்தாலும் தினசரி காலண்டர் தாளை உறையாக ஒட்டி, பத்து விதை போட்டு, எப்போது ஊன்ற வேண்டும் என்று எழுதி வைத்துவிடுகிறேன்.

இதை வைத்துப் பிழைக்கிற பெண்களும் இருக்கிறார்கள் என்று என் மகன் படித்துச் சொன்னான். தென் அமெரிக்காவில் பராகுவே என்றொரு நாடு. அங்கே எல்சா சால்திவார் என்ற அம்மையார் கிராமத்துப் பெண்களைச் சேர்த்து, மெழுகு பீர்க்கைப் பயிரிட வைத்து, பாய், செருப்பின் உள் அட்டை என்று செய்து விற்க வழி செய்தார். அதில் மிஞ்சுகிற கழிவு நாரைக்கூட வீணாக்காமல், ஒரு இன்ஜினியரோடு சேர்ந்து, பழைய பிளாஸ்டிக்கோடு கலந்து, ஏழைகள் வீட்டுச் சுவருக்குப் பலகையாக்கினார். 2008-ல் அதற்காக ரோலெக்ஸ் விருது கொடுத்திருக்கிறார்கள். ஜப்பானில் கொடியைத் தரைக்கு மேலே வெட்டி, வெட்டுவாயைப் பாட்டிலுக்குள் விட்டு, சொட்டுகிற நீரைப் பிடித்து முகத்துக்குப் பூசுவார்களாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னே கப்பல் இன்ஜின்களில் வடிகட்டியாக வைக்க அமெரிக்கா வாங்கியதும் ஜப்பான் பீர்க்கு நார்தானாம். நாம் இங்கே மாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்!

ஒரு எச்சரிக்கை சொல்லாமல் முடிக்கக்கூடாது. நார் ஈரமாகவே கிடந்தால் கிருமி வளரும். 1994-லேயே நியூயார்க் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்து எழுதியிருக்கிறார்கள். குளித்ததும் நன்றாக அலசிப் பிழிந்து, குளியலறைக்கு வெளியே வெயிலில் தொங்கவிடுங்கள். எங்கள் ஊர் மூடுபனி நாளில் அடுப்புக்கு மேலே தொங்கவிடுவேன். மாதம் ஒரு தரம் புதுசு மாற்றிவிட வேண்டும். வாடை வந்தாலோ கறுத்தாலோ அன்றைக்கே மாற்றுங்கள். பழசு எரு குழிக்குப் போகும், மக்கிவிடும். ஒருவர் நாரை மற்றவர் தொடக் கூடாது. முகத்துக்கும், புண், சிரங்கு இருக்கிற இடத்துக்கும் வேண்டாம். சர்க்கரை நோய்க்காரர்கள், வயதானவர்கள் அழுத்தித் தேய்க்கவே கூடாது. நன்றாக ஊறவைத்து, மெதுவாகத்தான். அத்தைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் நார், மற்ற நாளில் வெறும் துண்டுத் துணி உறை.

விதை எடுக்கிற வேலை இப்போது முழுக்க அத்தையுடையது. காய்ந்த கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, மடங்கின வலது கை விரலால் ஒவ்வொரு விதையாக நெண்டி எடுத்து முறத்தில் போடுவார். முதலில் ஒரு காய்க்கு ஒரு பகல் முழுக்க ஆகும். இப்போது சாயங்கால டீக்குள் முடித்துவிடுகிறார். வருகிற மாசிக்கு ஊன்ற 60 விதை எண்ணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். போன வருஷம் ராத்திரியில் காட்டுமாடு வந்து நாலு கொடியை மிதித்துத் தின்றுவிட்டுப் போனதால், அந்த 60-ல் பத்தைத் தனியாக முடிந்து வைத்து, "இது மாட்டுக்கு" என்கிறார்!

- ஒரு வாசகி, பெருமாள்மலை